திரும்பி வரும் வழி

சாய்ந்து நிற்கும் ஒரு முன்பல்லை நிமிர்த்த 35 முதல் 60 கிராம் எடைக்குச் சமமான விசை போதும். வேரோடு சேர்த்து நேராக நகர்த்த வேண்டுமானால் 70 முதல் 120 கிராம். வெளியே நீண்டுவிட்ட பல்லை எலும்புக்குள் சற்றே இறக்க 10 அல்லது 20 கிராம்தான். பல் சீரமைப்புப் பாடநூல்களில் இந்த எண்களைப் பார்ப்பவருக்கு ஓர் ஐயம் எழுவது நியாயம். முறுக்கையும் சீடையையும் நொறுக்கும் பல், அப்போது பல கிலோ எடையை அசையாமல் தாங்குகிறது. அது எப்படி 50 கிராமுக்கு நகரும்?

விடை, விசையின் அளவைவிட அது நீடிக்கும் நேரத்தில் இருக்கிறது. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு நார்ப் பட்டை உண்டு. கடிக்கும்போது விழும் பேரழுத்தம் நொடிப்பொழுதில் முடிந்துவிடுவதால் அந்தப் பட்டைக்குள் இருக்கும் நீர்மமே அதை வாங்கிக்கொள்கிறது. சின்ன விசை மணிக்கணக்கில், நாள்கணக்கில் விடாமல் நீடித்தால்தான் எலும்பு வேலையைத் தொடங்கும். அழுத்தம் விழும் பக்கத்தில் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் கூடி எலும்பைக் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபட, ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பைப் படியவைக்கின்றன. முன்னால் கரைந்து, பின்னால் வளர்ந்து, பல் தன் குழியையும் கூட்டிக்கொண்டே நகர்கிறது.

விசை கூடிவிட்டால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். ரத்தத் தந்துகிகள் அடைபட்டு நார்ப் பட்டையின் ஒரு பகுதி செத்துப்போகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பற்களை நகர்த்தி, நுண்ணோக்கியில் இதைக் கண்டார். செத்த பகுதியை உடல் அகற்றி முடிக்கும்வரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும். பலமாக இழுத்தால் வலி கூடும், பல்லோ தாமதமாகும். 1932-இல் வியன்னாவின் ஷ்வார்ட்ஸ் இதற்கு ஓர் எல்லையும் வகுத்தார்: தந்துகிக்குள் ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை மீறாத விசை, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம்.

ஆக, பல்லை நகர்த்தும் கம்பி மென்மையாக அழுத்த வேண்டும், விடாமல் அழுத்த வேண்டும், பல் நகர்ந்த பிறகும் ஏறக்குறைய அதே அளவு அழுத்த வேண்டும். முதல் இரண்டும் கடினம். மூன்றாவது நிபந்தனை, சாதாரண உலோகம் எதற்கும் இயலாதது.

காரணம், பள்ளியில் படித்த ஹூக் விதி. சுருளை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு விசை. பாதி திரும்பி வந்துவிட்டால் பாதி விசை. கம்பியைப் பல்லில் கட்டிய அன்று விசை உச்சத்தில் இருக்கும், பல் இடத்தை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வந்து இல்லாமல் போகும். முதல் வாரம் தேவைக்கு அதிகம், கடைசி வாரம் தேவைக்குக் குறைவு. நடுவில் எங்கோ சில நாள்கள் மட்டும் சரியான அளவு.

எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர் 1928-இல் வெளியிட்ட 'எட்ஜ்வைஸ்' முறைதான் இன்றைய கிளிப்புகளுக்கு முன்னோடி. ஒவ்வொரு பல்லிலும் ஒரு பிராக்கெட், அதில் 0.022 அங்குல அகலத்தில் ஒரு பள்ளம், எல்லாப் பள்ளங்களிலும் நுழைந்து செல்லும் ஒரே கம்பி. அவர் காலத்தில் அந்தக் கம்பி தங்கக் கலவையால் ஆனது. பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்தது. எஃகு உறுதியானது, விலை குறைந்தது, வழவழப்பானது. ஆனால் அதன் யங் குணகம் 160 முதல் 200 கிகாபாஸ்கல். கோணலாக நிற்கும் பல்லுக்கு அது முரட்டுத்தனமான துணை.

மருத்துவர்கள் வடிவியலில் வழி தேடினார்கள். உருண்டைக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 0.016 அங்குலக் கம்பிக்குப் பதிலாக 0.014 அங்குலக் கம்பி போட்டால் குறைவது 0.05 மில்லிமீட்டர்தான், விறைப்போ ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிடும். இரண்டு பிராக்கெட்டுகளுக்கு இடையே கம்பியின் நீளத்தைக் கூட்டினால் அதைவிடப் பலன்: நீளம் இரு மடங்கானால் கம்பி எட்டு மடங்கு இளகும். அதனால்தான் அந்தத் தலைமுறை மருத்துவர்கள் இடுக்கியும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் கம்பியைச் செங்குத்து வளையங்களாக வளைத்தார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு கம்பி தயாரிப்பதே தனிக் கைவேலை. வளையங்களுக்குள் சோறு சிக்கும், கன்னத்தில் குத்தும், துலக்குவது பெரும்பாடு. மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த கம்பிகளும் வந்தன. எல்லாம் எஃகின் குணத்தை வடிவத்தால் ஈடுகட்டும் முயற்சிகள். உலோகத்தின் குணத்தையே மாற்றும் வழி, பல் மருத்துவத்துக்குத் தொடர்பே இல்லாத ஓர் இடத்திலிருந்து வந்தது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒயிட் ஓக் என்ற இடத்தில் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே வில்லியம் பியூலர் என்ற உலோகவியலாளர், 1950-களின் இறுதியில் போலாரிஸ் ஏவுகணையின் மூக்குக் கூம்புக்கு ஏற்ற பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது ஏற்படும் சூட்டையும் அடியையும் தாங்க வேண்டும். பல கலவைகளில் நிக்கலும் டைட்டேனியமும் ஏறக்குறைய சம எண்ணிக்கை அணுக்களாகக் கலந்த ஒன்று அவரைக் கவர்ந்தது. அடித்தால் நொறுங்காமல் தாங்கியது. 1959-இல் ஒருநாள், உருக்கி வார்த்த சில தண்டுகள் ஆறிக்கொண்டிருந்தன. ஆறிப்போன ஒன்றைக் கான்கிரீட் தரையில் போட்டார். ஈயத்துண்டு விழுந்ததைப் போலச் சொத்தென்று ஒரு சத்தம். உள்ளே விரிசல் விட்டிருக்குமோ என்று சூடு ஆறாத இன்னொன்றைப் போட்டுப் பார்த்தார். அது கணீரென்று ஒலித்தது. சூடான தண்டை எடுத்துக்கொண்டு குடிநீர்க் குழாய்க்கு ஓடிக் குளிர்வித்து மறுபடி போட்டார்: சொத்து. கொதிநீரில் காய்ச்சிப் போட்டார்: கணீர்.

உலோகத்தைத் தட்டி ஓசையால் அறிவது பழைய பழக்கம். ஆனால் திண்ம நிலையிலேயே இருக்கும் ஓர் உலோகம், வெந்நீரின் சூட்டுக்குள்ளேயே தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதை அந்த ஓசையிலிருந்து ஊகித்தது பியூலரின் கூர்மை. ஓசை அடங்கிப்போவது, அதிர்வின் ஆற்றலை உள்ளே எதுவோ விழுங்குவதன் அடையாளம்.

அந்த உலோகத்தின் வடிவ நினைவாற்றல் வெளிப்பட்டது இரண்டு ஆண்டு கழித்து. 1961-இல் ஆய்வுக்கூட மேலாளர்கள் கூட்டத்தில் பியூலரின் உதவியாளர் ரேமண்ட் வைலி, விசிறி மடிப்பாக மடித்த ஒரு மெல்லிய தகட்டைக் கொண்டுபோயிருந்தார். எத்தனை முறை இழுத்து அமுக்கினாலும் ஒடியாது என்று காட்டத்தான். கைமாறிக் கைமாறி வந்த தகட்டை, டேவிட் மஸி என்ற மேலாளர் தன் சுங்கான் பற்றவைக்கும் லைட்டரில் காட்டினார். மடிப்புகள் எல்லாம் விரிந்து தகடு நேராகி நின்றது. நிக்கல், டைட்டேனியம், ஆய்வுக்கூடத்தின் ஆங்கில முதலெழுத்துகள் ஆகியவற்றைச் சேர்த்து அந்தக் கலவைக்கு நைட்டினால் என்று பெயரிட்டார்கள். 1962-இல் அங்கு சேர்ந்த படிக இயற்பியலாளர் ஃபிரெடெரிக் வாங், அணுக்களின் அளவில் நடப்பதை விளக்க முற்பட்டார்.

விளக்கத்தின் சாரம் இது. சூட்டில் இந்தக் கலவையின் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் நிற்கின்றன. அந்த நிலைக்கு ஆஸ்டினைட் என்று பெயர். குளிரில் அந்தக் கனசதுரங்கள் சாய்ந்து, சமச்சீர் குறைந்த மார்டென்சைட் நிலைக்குப் போகின்றன. எந்த அணுவும் தன் அண்டை அணுவை விட்டுப் பிரிவதில்லை. அட்டைப்பெட்டியை ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்ப்பது போன்ற கூட்டு நகர்வுதான் நடக்கிறது. சாயக்கூடிய திசைகள் பல. தானாகக் குளிரும்போது ஒரு பகுதி இந்தப் பக்கம், அடுத்த பகுதி அந்தப் பக்கம் என்று மாறி மாறிச் சாய்வதால் வெளித்தோற்றம் மாறாது. அந்த நிலையில் கையால் வளைத்தால், எல்லாப் பகுதிகளும் வளைப்பவர் விருப்பத் திசைக்குச் சாய்ந்துகொடுக்கும். சூடாக்கினால் எல்லாம் நிமிர்ந்தே ஆக வேண்டும்; பழைய வடிவம் வந்துவிடும். எஃகை வளைக்கும்போது நடப்பது வேறு: அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடும், வழுக்கியது திரும்பாது.

இது பல் மருத்துவருக்கு உதவும் என்று முதலில் கண்டவர் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென். 1971-இல் அவரும் ஓர் இணை ஆய்வாளரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் யூனிடெக் நிறுவனம் நைட்டினால் கம்பியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நினைவாற்றலால் புகழ்பெற்ற உலோகம் பல்லுக்கு வந்தது. ஆனால் அந்த முதல் கம்பி நினைவாற்றலைப் பயன்படுத்தவே இல்லை. குளிர்நிலையில் இழுத்து இழுத்து மெலிதாக்கியதில் அதன் மார்டென்சைட் உறைந்துபோயிருந்தது. வாயின் சூட்டுக்கு அது மாறவில்லை. அது ஹூக் விதிக்கு அடங்கிய சாதாரணக் கம்பிதான். இருந்தும் எஃகோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு விறைப்பே அதற்கு இருந்தது. வளையங்கள் வளைக்காமலேயே கோணல் பற்களின் பள்ளங்களுக்குள் நுழைத்துவிட முடிந்தது. இந்தச் சலுகையே பெரிதாகத் தெரிந்ததால் கம்பி பரவியது.

உண்மையான பாய்ச்சல் ஆசியாவில் நிகழ்ந்தது. பெய்ஜிங்கில் இரும்பு சாரா உலோகங்களுக்கான ஆய்வு நிறுவனத்தில் தியென் ஹுவா செங்கும் அவர் குழுவும் உருவாக்கிய கம்பியை, கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பர்ஸ்டோன் சோதித்து 1985-இல் எழுதினார். அடுத்த ஆண்டே, டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஃபுஜியோ மியூராவும் குழுவினரும் ஃபுருகாவா மின் நிறுவனத்தின் கம்பியைப் பற்றி எழுதினார்கள். இரண்டும் சொன்ன செய்தி ஒன்று: இந்தக் கம்பிகள் வாயின் சூட்டில் ஆஸ்டினைட்டாக இருக்கின்றன, வளைக்கும்போது, வளைப்பதாலேயே மார்டென்சைட்டாக மாறுகின்றன.

குளிர் செய்யும் வேலையை இங்கே விசை செய்கிறது. கம்பியை இழுத்தால் முதலில் எஃகைப் போலத் தகைவு நேர்கோட்டில் ஏறும். ஓர் அளவு வந்ததும் ஆஸ்டினைட் தாங்காது. படிகங்கள் சாயத் தொடங்கும். சாய்ந்துகொடுப்பதே நீட்சியைத் தருவதால், அதன் பிறகு ஓர் எல்லை வரை எவ்வளவு இழுத்தாலும் விசை ஏறாது. வரைபடத்தில் கோடு ஏறி, பிறகு மேடையாகப் படுத்துவிடும். எஃகு 1 சதவீதத்துக்கும் குறைவான திரிபிலிருந்துதான் முழுமையாக மீளும். இது 8 சதவீதம் வரை நீண்டும் திரும்பிவிடும். விசையை விட்டால் மார்டென்சைட்டுக்கு வாயின் சூட்டில் நிலைக்க வழியில்லை. ஆஸ்டினைட்டாக நிமிர்ந்துகொண்டே வரும். அப்போதும் இன்னொரு மேடை. பர்ஸ்டோனின் அளவீட்டில் அதிகம் வளைத்த சீனக் கம்பியின் விறைப்பு, அதே பருமன் எஃகின் விறைப்பில் 7 சதவீதம். கொஞ்சமாக வளைத்தபோது 28 சதவீதம். எவ்வளவு கோணலான பல்லோ அவ்வளவு மென்மையாக நடத்தும் கம்பி. பாடநூல் இயற்பியலுக்கு நேர்மாறான இந்தக் குணம்தான் மருத்துவர்கள் அதுவரை கேட்டுக் கிடைக்காத மூன்றாவது நிபந்தனை.

நோயாளிக்கு உண்மையில் கிடைப்பது இரண்டாவது மேடை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றல்ல. மேல்மேடை 400 அல்லது 500 மெகாபாஸ்கலில் இருந்தால் கீழ்மேடை 200 அளவில் இருக்கும். காந்தவியலில் வரும் தயக்கக் கண்ணியைப் போன்ற ஒரு கண்ணி இங்கும் உருவாகிறது. நடுவிலுள்ள பரப்பு வெப்பமாகச் செலவாகிவிட்ட ஆற்றல். மருத்துவர் கட்டும்போது கையில் உணர்வது மேல்மேடை. பல்லை வாரக்கணக்கில் தள்ளுவது கீழ்மேடை. விளம்பரத் தாளில் ஒரு கம்பியின் விசை இவ்வளவு என்று ஒற்றை எண் போட்டிருந்தால், அது எந்த வழியில் அளந்தது, எந்தச் சூட்டில் அளந்தது என்று கேட்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

இதிலிருந்து பர்ஸ்டோன் காட்டிய ஒரு நடைமுறை உண்மை முதல் பார்வையில் நம்ப முடியாதது. ஒரு மாதம் கழித்து வரும் நோயாளியின் கம்பியில் விசை தளர்ந்திருக்கிறது. புதுக் கம்பி வேண்டியதில்லை. அதே கம்பியை அவிழ்த்து, அதே இடத்தில் மறுபடி கட்டினால் விசை கூடிவிடும்! அவிழ்த்தபோது கம்பி முழுக்க ஆஸ்டினைட்டுக்குத் திரும்புகிறது. மறுபடி கட்டும்போது மேல்வழியாக அதே வளைவுக்கு வருகிறது. வளைவு அதேதான், வந்த வழி வேறு, அதனால் விசையும் வேறு. எஃகுக் கம்பிக்கு இப்படி ஒரு வரலாறே கிடையாது.

மாற்றம் எந்தச் சூட்டில் நடக்கிறது என்பதுதான் கம்பியின் பிறவிக்குணம். அதை அளக்க, சில மில்லிகிராம் கம்பித் துண்டை மெல்லச் சூடாக்கி, ஒவ்வொரு டிகிரிக்கும் அது எவ்வளவு வெப்பம் உறிஞ்சுகிறது என்று பதிவுசெய்வார்கள். ஆஸ்டினைட்டாக மாறும் கட்டத்தில் வரைபடத்தில் ஒரு மேடு தெரியும்; மேடு முடியும் இடம், மாற்றம் முழுமையடையும் சூடு. சில கம்பிகளில் நடுவே இன்னொரு சிறு மேடும் தெரியும். கனசதுரத்துக்கும் முழுச் சாய்வுக்கும் இடைப்பட்ட, ஆர்-நிலை எனப்படும் ஓர் அரைச் சாய்வு அது.

இந்தச் சூட்டை விரும்பிய இடத்தில் நிறுத்துவது உலோகத் தொழிலின் கடினமான வேலைகளில் ஒன்று. நிக்கல் மிகுந்த கலவையில் நிக்கல் அணுக்களின் பங்கு 0.1 சதவீதம் கூடினாலே மாற்றச் சூடு சுமார் 10 டிகிரி இறங்கிவிடும். உருகிய டைட்டேனியம் காற்றின் ஆக்சிஜனை விழுங்கிவிடும் என்பதால் வெற்றிடத்தில்தான் உருக்க வேண்டும். பிறகு வெப்பப் பதம்: 400 முதல் 500 டிகிரியில் எத்தனை நிமிடம் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, நிக்கல் மிகுந்த நுண்துகள்கள் உள்ளே பிரிந்து படிந்து, மீதியிருக்கும் கலவையின் விகிதத்தை மாற்றும். தாடை வளைவின் வடிவமும் அந்தச் சூட்டில்தான் கம்பியின் நினைவில் பதிக்கப்படுகிறது. ஒரே உருக்கில் பிறந்த இரண்டு கம்பிகள், உலைக்குள் இருந்த நேரத்தால் இரண்டு வேறு கம்பிகளாகிவிடும்.

1990-களில் வந்த செம்புக் கலவை இந்தக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் எளிதாக்கியது. 5 சதவீதம் அளவில் செம்பு சேர்த்தால் மேல்வழிக்கும் கீழ்வழிக்கும் இடையிலான இடைவெளி சுருங்குகிறது. மாற்றச் சூட்டையும் நெருக்கமாக நிறுத்த முடிகிறது. ஆர்ம்கோ நிறுவனம் இவற்றை 27, 35, 40 டிகிரி என்று சூட்டின் பெயரிலேயே விற்றது. 27 டிகிரிக் கம்பி வாயில் பெரும்பாலும் முழு ஆஸ்டினைட், விறுவிறுப்பாகத் தள்ளும். 35 டிகிரிக் கம்பி வாயின் வழக்கமான சூட்டில்தான் விழித்துக்கொள்ளும். 40 டிகிரிக் கம்பி, சூடான உணவோ பானமோ படும்போது மட்டும் முழு வேகத்தில் வேலை செய்யும்; வலி தாங்காதவர்களுக்கும் ஈறு பலவீனமானவர்களுக்கும் என்று அதைப் பரிந்துரைத்தார்கள். வெப்பமானியைப் பார்த்துப் பல்கம்பி தேர்ந்தெடுக்கும் காலம் அப்படித்தான் வந்தது.

ஆனால் வாயின் சூடு என்பது ஒற்றை எண்ணா? 24 மணி நேரமும் வாய்க்குள்ளேயே வெப்பநிலையைப் பதிவுசெய்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. பெரும்பாலான நேரம் 33 முதல் 37 டிகிரிக்குள் இருந்தாலும், முன்பல் அருகே 5.6 டிகிரியும் பதிவானது, 58.5 டிகிரியும் பதிவானது. ஐஸ் போட்ட பழச்சாறும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபியும் உள்ள எந்த நாளிலும் இந்தத் தாவல் நடக்கும். நிக்கல் டைட்டேனியத்தின் மேடை, சூடு ஒரு டிகிரி ஏறினால் 6 அல்லது 7 மெகாபாஸ்கல் உயரும். 35 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனால் 130 மெகாபாஸ்கல் அளவுக்கு உயர்வு. கீழ்மேடையே 200 என்றால் இது சின்ன விஷயம் அல்ல. எஃகுக் கம்பிக்கு இதே சூட்டு மாற்றத்தில் நடப்பது அளக்கவே சிரமப்படும் அளவு.

இந்த இடத்தில்தான் வந்த வழியின் கணக்கு மறுபடி வருகிறது. கட்டிய கையோடு கம்பி மேல்வழியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளி ஐஸ்தண்ணீர் குடிக்கிறார். மேடை தாழ, கம்பியின் இன்னும் சில படிகங்கள் சாய்ந்துகொடுக்க, விசை சட்டென்று குறைகிறது. வாய் மறுபடி 35 டிகிரிக்கு வந்துவிட்டது. விசை பழைய அளவுக்கு ஏறுவதில்லை. சாய்ந்த படிகங்களை நிமிர்த்தக் கீழ்மேடையின் எல்லையைத் தொட வேண்டும். கம்பியோ இரண்டு மேடைகளுக்கும் நடுவே நிற்கிறது. வாய் சூடேறிச் சகஜமான பிறகும் கம்பி இளகியே இருக்கும். நார்வேயைச் சேர்ந்த மெலிங், ஓடெகார்ட் ஆகியோரின் சோதனைகள் இந்த நீடித்த இளக்கத்தை அளந்து காட்டின. பல் நகரத் தொடங்கிக் கம்பி திரும்பும் வழியில் இருக்கும்போது கதை தலைகீழ். அப்போது குளிர்பானம் தரும் இளக்கம் தற்காலிகம். சூடான பானம் ஏற்றிவிட்ட விசைதான் நின்றுவிடும்.

கம்பியை இறுக்கிய அன்று வலி தாளாமல் சில்லென்று தண்ணீர் குடிப்பவருக்கு நிம்மதி கிடைப்பதில், நரம்பு மரத்துப்போவதோடு உலோகத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மருத்துவர்களும் இதே வித்தையைப் பயன்படுத்துகிறார்கள். மிகவும் கோணலான பல்லின் பள்ளத்தில் கம்பி உட்கார மறுத்தால், குளிர்விக்கும் ஸ்ப்ரேயை ஒரு பஞ்சில் அடித்துக் கம்பியின் அந்த இடத்தில் தொட்டால் போதும். கம்பி மார்டென்சைட்டாகி, சொன்ன பேச்சுக் கேட்டு உள்ளே போய்விடும். பிறகு வாயின் சூட்டில் தன் வேலையைத் தொடங்கும்.

குறைகளும் இதே குணத்திலிருந்துதான் பிறக்கின்றன. வளைத்தால் நிமிர்ந்துவிடும் கம்பியில், ஒரு பல்லுக்கு மட்டும் தனியாக ஒரு வளைவு போட முடியாது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மடக்கிவிடாவிட்டால் கம்பி ஒரு பக்கமாக வழுக்கி வந்து கன்னத்தைக் குத்தும்; அந்த நுனியை மடக்கவே முதலில் தீயில் பழுக்கக் காய்ச்சி அதன் நினைவை அழிக்க வேண்டும். பற்களுக்கிடையே உள்ள இடைவெளியை மூட ஆரம்பிக்கும் கட்டத்தில், வளைவைக் கட்டுக்குலையாமல் வைத்திருக்கும் விறைப்பு வேண்டும். அங்கே நிக்கல் டைட்டேனியக் கம்பி விடைபெறுகிறது. அதன் இடத்தில் 0.019-க்கு 0.025 அங்குலச் செவ்வக எஃகுக் கம்பி வருகிறது. உரசலிலும் எஃகே மேல். நிக்கல் டைட்டேனியம் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் எஃகின் மேல் பற்களை இழுக்கும் சிறு சுருள்வில்லாகத் தொடரும்; அங்கும் மேடைதான் அதன் பலம்.

எடையில் பாதிக்கும் மேல் நிக்கல் உள்ள கம்பியை வாயில் இரண்டு வருடம் வைத்திருப்பது பற்றிய கவலை இயல்பானது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் நிக்கல் 8 சதவீதம் அளவில்தான் உண்டு. காப்பது டைட்டேனியம் ஆக்சைடு: சில நானோமீட்டர் தடிப்பே உள்ள அந்தப் படலம் நிக்கலை உள்ளேயே அடைத்து வைக்கிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், குறிப்பாக மலிவான தோடு போட்டுக் காது புண்ணானவர்கள், சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. படலத்துக்கு இன்னொரு பகை, பல் சொத்தையைத் தடுக்கத் தரும் ஃபுளோரைடு. அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு கரைசல் அந்தப் படலத்தைத் தின்கிறது; வெறுமையான பரப்பு வழியே ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழைகிறது; வளைத்துக் கட்டிய நிலையில் கம்பி ஒடிந்துபோகிறது. ஆய்வகச் சோதனைகளில் இது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது. கம்பி காரணமில்லாமல் ஒடிந்தது என்று நோயாளிகள் சொல்லும்போது அவர்களை உடனே சந்தேகிக்காமல், எந்த வாய்க்கழுவியைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கலாம்.

இத்தனை நேர்த்தியான இயற்பியலுக்குப் பிறகு, பற்கள் வேகமாகச் சீராகின்றனவா? மருத்துவச் சோதனைகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு சிகிச்சையின் தொடக்கத்தில் கட்டும் கம்பிகளைப் பற்றி 2013-லும் 2018-லும் அறிக்கைகள் வெளியிட்டது. ஒரு வகைக் கம்பி மற்றொன்றைவிட விரைவாகச் சீரமைக்கிறது, குறைவாக வலிக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்பதே, ஓரிரு ஒப்பீடுகள் நீங்கலாக, அவற்றின் முடிவு. ஆய்வகத்தில் தெளிவாகத் தெரியும் மேடை, வாய்க்குள் ரப்பர் வளையத்தின் பிடியிலும் பிராக்கெட்டின் உரசலிலும் மங்கிவிடுகிறது. எலும்பு கரையும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கம்பி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் ஆஸ்டியோகிளாஸ்டை அது அவசரப்படுத்த முடியாது. எனவே இந்த உலோகத்தின் பெருமையை வேகத்தில் தேடுவது தவறு. மருத்துவரின் இருக்கையில் நோயாளி வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்தது, வளையங்கள் ஒழிந்தன, ஒரே கம்பியை மாதக்கணக்கில் விட்டுவைக்க முடிகிறது. அந்த லாபங்களே போதுமானவை.

பல் மருத்துவமனைக்குள்ளேயே இன்னொரு அறைக்கும் இந்தக் கம்பி போனது. 1988-இல் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டைன் ஆகிய மூவர், பல் சீரமைப்புக்கான நைட்டினால் கம்பியையே கடைந்து, வேர் சிகிச்சைக்கான அரத்தைச் செய்து பார்த்தார்கள். வளைந்த வேர்க்குழாய்க்குள் எஃகு அரம் நேராகப் போக முயன்று குழாயின் சுவரைத் துளைத்துவிடும் ஆபத்து உண்டு; இது வளைவோடு வளைந்து போயிற்று. இன்றைய மோட்டார் அரங்கள் பலவும் அந்தப் பரிசோதனையின் வாரிசுகள். பல்லை நகர்த்துபவர், கம்பி வாயின் சூட்டில் ஆஸ்டினைட்டாக இருந்து நிமிர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறார். வேர் சிகிச்சை செய்பவருக்கு நிமிரும் ஆசையே தொந்தரவு; குழாயின் வளைவை ஏற்றுக்கொண்டு அப்படியே கிடக்கும் அரம்தான் அவருக்கு வேண்டும். ஆகவே புதிய அரங்கள் பலவற்றுக்கு வெப்பப் பதம் கொடுத்து மாற்றச் சூட்டை உயர்த்துகிறார்கள். உடலின் சூட்டிலும் அவற்றில் மார்டென்சைட் மிஞ்சியிருக்கிறது. சிகிச்சை முடிந்து வெளியே எடுக்கும்போது அந்த அரம் வேரின் வளைவைத் தாங்கியபடியே வரும். கிருமிநீக்கக் கருவியின் சூட்டுக்குள் வைத்தால் நேராகிவிடும்.